அறப்பணியும் உழைப்போர் உரிமையும்: குருநகரை முன்வைத்து ஒரு நோக்கு

கடல் கடந்து சென்று வறியோருக்குத் தொண்டாற்றும் சமயப் பணி குறித்து எம்மிடையே இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. அதனை அருட்செயலாகப் போற்றுவோர் ஒருசாரார். மதமாற்றத்திற்கான தூண்டில் என ஒதுக்குவோர் மற்றொருசாரார். இரு சாராரும் கொடுப்போரின் உள்ளத்தையே ஆராய்கின்றனர். பெற்றோர் கையில் இறுதியில் எஞ்சியது யாது என்னும் வினாவை எழுப்புவதில்லை. அவ்வினாவைக் குருநகரிலிருந்து எழுப்புவது பொருத்தமாகும்.

யாழ்ப்பாணக் கடனீரேரியை அண்டிய குருநகர், கத்தோலிக்க மீனவர் செறிந்து வாழும் ஊர். புனித யாகப்பர் ஆலயத்தில் ஒன்றுகூடும் அம்மக்கள் தொழிலில் ஒரே நிலையினர் அல்லர். வள்ளமும் வலையும் உடைய சம்மாட்டி ஒருபுறம். பிடிபட்ட மீனிற் பங்கு பெறும் உழைப்பாளி மறுபுறம். முற்பணம் தந்தவருக்கே மீனை விற்கவேண்டிய கடன்பிணைப்பு இத்தகைய தொழிலுறவின் அச்சாணியாகும். பஞ்ச காலத்தில் வழங்கப்படும் அரிசி அன்றைய பசியைத் தீர்க்கும், இவ்வுறவைத் தீண்டாது.

உணவோடும் மருந்தோடும் நில்லாத தொண்டும் குடாநாட்டில் நிகழ்ந்ததுண்டு. 1847இல் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், நோய் தீர்த்ததோடு அமையாது, மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். ‘இரணவைத்தியம்’ முதலிய நூல்களைத் தமிழில் ஆக்கினார். ஆங்கிலம் கற்ற மருத்துவர் நகரையும் அரச பதவியையும் நாடுவர், தமிழிற் கற்றவரே கிராமத்தில் நிலைப்பர் என்பது அவரது கணிப்பு. அவர் சமயப் பரப்பாளர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1873இல் அவர் நாடு திரும்பியபோது அறிவு இங்கேயே தங்கியது என்பதே மனங்கொள்ளத்தக்கது.

கிறீன் அறிவிற் செய்ததை உற்பத்திக் கருவியிற் செய்ய முனைந்தது சீநோர் திட்டம். இம்முறை முன்முயற்சி பெறுவோர் பக்கத்திலிருந்தே எழுந்தது. 1956இல் நோர்வே சென்ற குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரத்தின் முயற்சியும், அந்நாட்டு மதுவிலக்கு இளைஞர் இயக்கத்தின் ஆதரவும் 1967இல் இத்திட்டத்திற்கு வழிவகுத்தன. அவ்வியக்கத்தின் வேர்கள் 19ஆம் நூற்றாண்டுக் கிறித்தவ ஒழுக்கச் சீர்திருத்தத்தில் உள்ளன. எனினும் இங்கு வந்தது போதனையன்று. காரைநகரிற் படகுத் தொழிற்சாலையும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் சீநோரின் பெயரோடு இணைந்தன. கொடுப்பவர், கொள்பவர் என்ற பழைய பிரிவினை இங்கு ஓரளவு தளர்ந்தது எனலாம்.

ஆயினும் கருவி மட்டுமே விடுதலையாகிவிடாது. போர்க்காலத் தடைகள் கடலை மூடியபோது படகிருந்தும் பயனில்லாதுபோயிற்று. 1993 நவம்பரில் புனித யாகப்பர் ஆலயமே விமானக் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. 2009இல் போர் முடிந்த பின்னரோ, வடபகுதி மீனவரின் வலைகளைத் தமிழகத்து இழுவைப்படகுகள் அறுத்தன. அப்படகுகளிற் கூலிக்கு உழைப்போரும் வறிய தமிழரே என்பது இம்முரண்பாட்டின் கொடுமை. இதனை எந்த அறநிதியாலும் தீர்க்கவியலாது.

எனவே, தொண்டை அதன் நோக்கத்தால் மட்டுமன்றி விளைவாலும் அளப்பதே வரலாற்று நோக்காகும். தொண்டர் சென்றபின் அறிவும் கருவியும் உழைப்போர் கையில் நிலைக்குமாயின் அத்தொண்டு பயனுடையது. அவற்றைப் பயன்படுத்தும் உரிமையை வென்றெடுப்பது உழைப்போரின் கடமை. அதனை வேறெவரும் தானமாக வழங்க முடியாது.