கொட்டிலில் உறங்கும் விமான இயந்திரத்துக்கு விலை என்ன?

பழைய நகைக்கு விலை கூற உரைகல் இருக்கின்றது. பழைய காணிக்கு விலை கூற உறுதியும் எல்லைக்கல்லும் இருக்கின்றன. ஆனால், பல்லாண்டுகளாக ஒரு கொட்டிலின் மூலையில் மரப்பெட்டிக்குள் கிடக்கும் ஆகாய விமான இயந்திரம் ஒன்றுக்கு விலை கூறுவது எங்ஙனம்?

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் ஒரு கமக்காரக் குடும்பம் இருப்பதாக எண்ணிக்கொள்வோம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின், உபரிப் பொருள் விற்பனையில் தந்தை வாங்கி வைத்த பெட்டியொன்று கொட்டிலில் கிடக்கின்றது. தந்தை காலமாகிவிட்டார். பிள்ளைகள் பெட்டியைத் திறக்கின்றனர். உள்ளே இருப்பது றோல்ஸ் றோய்ஸ் நிறுவனத்தின் மேர்லின் இயந்திரம். பழைய இரும்பு வியாபாரி நிறைபார்த்து ஒரு தொகை சொல்கின்றார். அயலவரோ, அதனை விற்றால் புதுவீடே கட்டலாம் என்கின்றார். இவ்விருவரில் யார் சொல்வது சரி? பெரும்பாலும் இருவர் சொல்வதும் சரியன்று.

மேர்லின் இயந்திரம் முதன்முதலாக இயக்கப்பட்டது 1933ஆம் ஆண்டில். இருவரிசைகளில் பன்னிரண்டு சிலிண்டர்கள். 27 லீற்றர் கொள்ளளவு. ஆயிரம் பரிவலுவுக்கு மேற்பட்ட ஆற்றல். ஸ்பிற்பயர், ஹரிக்கேன், லங்காஸ்டர், மொஸ்கிற்றோ ஆகிய விமானங்களை வானில் ஏற்றியது இதுவே. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் எதிர்த்தெழுந்த ஹரிக்கேன்களின் மூக்கில் முழங்கியதும் மேர்லினே.

ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் மேர்லின்கள் உருவாக்கப்பட்டன. அவற்றுள் 55,000க்கு மேற்பட்டவை அமெரிக்காவின் டிற்றோயிற் நகரில் பக்கார்ட் மோட்டார் நிறுவனத்தாரால் செய்யப்பட்டவை. இத்தனை பெருந்தொகையாகச் செய்யப்பட்ட பொருளுக்கு இன்று ஏன் விலை? யுத்தம் முடிந்தது, ஜெற் விமானம் வந்தது, பழைய இயந்திரங்கள் உடைத்து உருக்கப்பட்டன. எஞ்சியவற்றையோ இன்றும் பறக்கும் பழைய விமானங்கள் எதிர்பார்த்து நிற்கின்றன. ஒரு லங்காஸ்டர் பறப்பதற்கு மட்டும் நான்கு மேர்லின்கள் வேண்டும். பழமையினால் மட்டுமன்று, தேவையினாலேயே இதற்கு விலை ஏற்பட்டிருக்கின்றது. இதனை முதலில் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

பெயர்த்தகடு பேசும்

மதிப்பிடுவோர் முதலிற் பார்ப்பது இயந்திரத்தில் அறையப்பட்டிருக்கும் சிறிய உலோகத் தகட்டையே. எந்த வகை, எந்தத் தொடரிலக்கம், யார் செய்தது என்பன அதிற் பொறிக்கப்பட்டிருக்கும். மேர்லினில் வகைகள் பல. ஹரிக்கேனுக்குப் பொருந்துவது பிற்கால ஸ்பிற்பயருக்குப் பொருந்தாது. பக்கார்ட் செய்த வி-1650-7 என்னும் வகை மஸ்டாங் விமானத்துக்கு உரியது. மஸ்டாங்குகள் இன்றும் பல பறப்பதால் அதனைத் தேடுவோரும் பலர்.

இங்கே ஒரு மயக்கத்துக்கும் இடமுண்டு. மேர்லினின் உடன்பிறப்பாக மீற்றியோர் என்றோர் இயந்திரம் யுத்த தாங்கிகளுக்கென ஆக்கப்பட்டது. அதே பன்னிரண்டு சிலிண்டர். அதே 27 லீற்றர். பார்த்தவுடன் இரட்டையர் எனத் தோன்றும். ஆனால், காற்றை அழுத்தி உட்செலுத்தும் சுப்பர்சார்ஜர் என்னும் பகுதி அதில் இல்லை. சுழல்விசிறிக்கான பற்சக்கரப் பெட்டியும் இல்லை. அது பறக்கும் இயந்திரமன்று. தகட்டைப் படியாது விலை பேசுவோர் இவ்விடத்தில் ஏமாறுதல் எளிது.

உள்ளே நிகழ்வது

நிற்க, வகை நல்லதாயினும் உடல் நலமாயிருக்க வேண்டுமன்றோ? ஓடாத இயந்திரம் தேய்வதில்லை என நாம் எண்ணுகின்றோம். உண்மை வேறு. ஓடாத இயந்திரத்தைத் துரு தின்கின்றது. முறைப்படி சேமிக்கப்பட்ட இயந்திரத்தின் உட்பகுதிகளுக்குக் காப்பெண்ணெய் பூசப்பட்டிருக்கும். தீப்பொறி பிளக்குகள் இருந்த துளைகளில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் நிரம்பிய அடைப்பான்கள் செருகப்பட்டிருக்கும். அப்பொருள் நீலநிறமாயின் உலர்ந்த நிலை. இளஞ்சிவப்பாயின் ஈரம் புகுந்துவிட்டது என்பது பொருள். ஒரு சிறு மணியின் நிறமே பெருந்தொகையின் வேறுபாட்டுக்கு முதற் குறியாகின்றது.

மேர்லினுக்குப் பிளக்குகள் இருபத்து நான்கு. அவற்றின் துளைகள் வழியே மெல்லிய கண்ணாடிக் குழலைச் செலுத்தி, சிலிண்டர்ச் சுவரிலே துருப்புள்ளி உண்டா எனப் பார்ப்பர். குளிர்நீர் ஓடும் வழிகளில் அலுமினியம் அரிக்கப்பட்டுள்ளதா, சுப்பர்சார்ஜர் உள்ளதா, மக்னீற்றோக்கள் இரண்டும் இருக்கின்றனவா என எண்ணுவர். காணாமற்போன ஒவ்வொரு பாகமும் விலையிலிருந்து கழியும். ஏனெனில், அவற்றை இன்று எந்தக் கடையிலும் கேட்டவுடன் வாங்க முடியாது.

உறுதி எங்கே?

காணிக்கு உறுதி எப்படியோ, விமான இயந்திரத்துக்கு அதன் பதிவேடு அப்படி. எத்தனை மணிநேரம் ஓடியது, எப்போது கழற்றிப் புதுக்கப்பட்டது, எப்போது சேமிப்பில் வைக்கப்பட்டது என்னும் விபரங்கள் அதில் இருக்கும். பதிவேடு உள்ள இயந்திரமும் இல்லாத இயந்திரமும் பார்வைக்கு ஒன்றே, விலையில் ஒன்றல்ல. பெட்டியின் அடியிற் கிடக்கும் எண்ணெய்க் கறைபட்ட கடதாசிகளைக் குப்பை என்றெண்ணி எரித்தவர், பணத்தையே எரித்தவராவர்.

கணக்குப் போடுவோம்

முழுமையாகப் புதுக்கி, சோதித்து, பறப்பதற்குத் தகுதியெனச் சான்று பெற்ற இயந்திரத்தின் விலை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். நமது கொட்டில் இயந்திரத்தை அந்நிலைக்குக் கொண்டுவரும் செலவு 60 பங்கு. ஏற்றியிறக்கவும் பெட்டியிடவும் 5 பங்கு. மிகுதி 35. திறந்து பார்த்த பின்னரே தெரியக்கூடிய வெடிப்பும் அரிப்பும் இருக்கலாம். அந்த ஆபத்தை ஏற்பவர் வாங்குபவர். அதற்காக 15 பங்கு கழித்தால், எஞ்சுவது 20. இவ்வெண்கள் விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவையே. ஆயினும் கணக்கின் வழி இதுதான். அயலவர் கூறியது 100இன் விலை. குடும்பத்தின் கையில் இருப்பதோ 20இன் பொருள்.

புதுக்க முடியாத இயந்திரமும் வீணன்று. நல்ல பாகங்களைத் தனித்தனியே விற்றால் கிடைக்கும் தொகை, முழு இயந்திரத்தின் தொகையை மிஞ்சுவதுமுண்டு. நூதனசாலைக்கோ தோற்றம் போதும், ஓட்டம் வேண்டுவதில்லை. எனவே பறப்பவர் தரும் விலை, பாகம் தேடுபவர் தரும் விலை, காட்சிக்கு வைப்பவர் தரும் விலை என மூன்று விலைகள் உள்ளன. இம்மூன்றையும் அறிந்த பின்னரே விற்பவர் வாய்திறத்தல் வேண்டும்.

செய்யத்தகாதவை

ஆவலினால் சுழல்தண்டைத் திருப்பிப் பார்க்கலாகாது. துருப்பிடித்த வளையங்கள் சிலிண்டர்ச் சுவரைக் கீறிவிடும். ஒரு நிமிட விளையாட்டு பல ஆண்டுச் சேமிப்பை அழித்துவிடும். பளபளப்பாக்கவென்று மணலடித்துச் சுத்தஞ்செய்தலும் தீது. அம்மணல் உள்ளே புகுந்தால் அதனை வெளியேற்றுவது பெரும்பாடு. எல்லாவற்றினும் மேலாக, வெட்டி உடைத்தல் ஆகாது. மேர்லினின் புகைபோக்கி வால்வுகளின் உட்குழிவில், வெப்பத்தைக் கடத்துவதற்காகச் சோடியம் அடைக்கப்பட்டிருக்கின்றது. நீர் பட்டால் தீயெழுப்பும் பொருள் அது. அறியாது வெட்டும் கைக்கும் கண்ணுக்கும் ஆபத்து.

ஆகவே, அக்குடும்பத்தார் செய்யவேண்டியது யாது? முதலில் எதனையும் தொடாது, தகட்டையும் பெட்டியையும் கடதாசிகளையும் தெளிவாகப் படம் பிடித்தல் வேண்டும். கூரை ஒழுகினால் அதனை அடைத்து, ஈரம் அணுகாது காத்தல் வேண்டும். வாங்க விரும்பாத, ஆனால் தொழிலறிந்த ஒருவருக்குக் கூலி கொடுத்துப் பார்வையிடச் செய்து, அவர் சொல்வதை எழுத்திற் பெறுதல் வேண்டும். வாங்க வந்தவரே மதிப்பிடுபவராயின் தராசு எப்பக்கம் சாயும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

முக்கால் தொன் நிறையுள்ள உலோகமாக மட்டும் நோக்குவோருக்கு அது பழைய இரும்பே. அதைச் செய்தவர்கள் யார், அது எங்கே ஓடியது, இன்று எந்த நிலையில் இருக்கின்றது என்பவற்றை நிறுவக்கூடியவருக்கு அது செல்வம். மறைந்த தந்தையர் விட்டுச்சென்ற பொருள் எதுவாயினும், அதனை விற்குமுன் அதன் வரலாற்றை ஒரு தாளில் எழுதி வைப்போமாக. உருக்கிய இயந்திரத்தை எந்தப் பட்டறையும் மீட்டுத் தராது.