நாடாவில் பதியும் நாதம்

நம் பள்ளிப் பாடகர் குழு பாடுவதைக் கைபேசியில் பதிவு செய்கிறோம். பிடிக்காவிட்டால் ஒரு விரல் தொட்டால் போதும், அழிந்துவிடும். மீண்டும் பாடுகிறோம், மீண்டும் அழிக்கிறோம். அழிப்பது இத்தனை எளிதாகிவிட்ட இந்நாளில், எளிதில் திருத்த முடியாத பழைய முறையிலேயே தம் பாடல்களைப் பதிவு செய்வோர் இன்னும் இருக்கின்றனர் என்றால் வியப்பாக இல்லையா? தோழியரே, அவர்களுடைய ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றைச் சற்று எட்டிப் பார்ப்போம்.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1997-ஆம் ஆண்டு ஸ்டீவ் அல்பினி என்னும் ஒலிப்பதிவாளர் 'எலெக்ட்ரிக்கல் ஆடியோ' என்ற கூடத்தை நிறுவினார். பெரிய நிறுவனங்களைச் சாராமல், தம் சொந்தப் பணத்திலோ சிறு வெளியீட்டாரின் துணையோடோ இசைத்தட்டு வெளியிடும் சுயேச்சை இசைக்குழுக்கள் பல இங்கே வந்து பதிவு செய்தன. அல்பினி விரும்பிக் கையாண்டது 'அனலாக்' முறை.

அது என்ன அனலாக்? ஒலி என்பது காற்றின் அதிர்வு என்று அறிவியல் வகுப்பில் படித்திருக்கிறோம். அந்த அதிர்வை மைக் மின்னோட்டமாக மாற்றுகிறது. மின்னோட்டம் பதிவுக் கருவியின் முனையிலுள்ள சிறு மின்காந்தத்தை அடைகிறது. அம்முனையை ஒட்டி ஓடும் நாடாவின்மேல் பூசப்பட்ட இரும்பு ஆக்ஸைடுத் துகள்கள் ஒலியின் ஏற்ற இறக்கத்திற்கு ஏற்பக் காந்தமேறுகின்றன. கணினி முறையோ வேறு. குறுந்தகட்டுக்கு ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து, எண்களாக எழுதி வைக்கிறார்கள்.

பெரிய கூடங்களில் பயன்படும் நாடா 2 அங்குல அகலமுடையது. அதில் 24 தடங்கள் பக்கம் பக்கமாக ஓடும். முரசுக்குச் சில தடங்கள், கிதாருக்குச் சில, குரலுக்கு ஒன்று எனப் பிரித்துக்கொள்வர். 2,500 அடி நீளமுள்ள ஒரு சுருள், வினாடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓடினால் 33 நிமிடங்களில் தீர்ந்துவிடும். வேகத்தை இரட்டித்தால் இரைச்சல் குறையும். ஆனால் நேரமும் பாதியாகிவிடும்.

இங்கேதான் சோதனை தொடங்குகிறது. நாடா விலை உயர்ந்தது. கூடத்திற்கும் நாள் வாடகை உண்டு. ஒரு தடத்தின்மேல் மறுபடி பதிவு செய்தால் முன்பு இருந்தது போயே போய்விடும். "இதை வைத்துக்கொள்வோமா, இன்னொரு முறை வாசிப்போமா?" என்று குழுவினர் அந்த நிமிடமே முடிவு செய்தாக வேண்டும். முதல் வாசிப்பின் முற்பாதியும் இரண்டாவதன் பிற்பாதியும் நன்றாயிருந்தால், நாடாவைச் சவர அலகால் சாய்வாக வெட்டி, ஒட்டுநாடாவால் இணைப்பர். ஆகவே வீட்டிலேயே பலமுறை பழகிய பின்னரே கூடத்துக்குள் நுழைவர். கணினியில் செலவு குறைவு, திருத்தமும் எளிது என்பது மெய்தான். ஆயினும், திருத்த முடியாது என்னும் எண்ணமே வாசிப்பவரை முழுக் கவனத்தோடு வாசிக்கச் செய்கிறது.

அல்பினியிடம் நாம் வியக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. இசைத்தட்டு விற்பனையில் ஒலிப்பதிவாளரும் பங்கு கேட்பது பல இடங்களில் வழக்கம். அவரோ, குழாய் பழுதுபார்ப்பவர் வாங்குவது போலச் செய்த வேலைக்கு மட்டும் கூலி போதும் என்றார். புகழ்பெற்ற நிர்வானா குழுவின் இசைத்தொகுப்பை 1993-இல் பதிவு செய்தபோதும் இக்கொள்கையை அவர் கைவிடவில்லை. பாட்டு பாடியவருக்கே சொந்தம் என்பது அவர் துணிபு.

அவரும் 'ஷெல்லாக்' என்ற மூவர் குழுவில் கிதார் வாசித்துப் பாடினார். அக்குழுவின் 'டு ஆல் டிரெயின்ஸ்' தொகுப்பிலுள்ள 10 பாடல்களும் அவருடைய கூடத்திலேயே பதிவாயின. 2024 மே 7-ஆம் நாள், தம் 61-ஆம் வயதில், அல்பினி மாரடைப்பால் காலமானார். பத்து நாள் கழித்து, மே 17 அன்று, அத்தொகுப்பு வெளிவந்தது. பாடியவர் மறைந்தார், அவர் குரல் உலகெங்கும் ஒலித்தது.

அடுத்த முறை பாட நிற்கும்போது, இதை அழிக்க முடியாது என்று எண்ணிக்கொண்டு பாடிப் பார்ப்போமா? இறைவன் தந்த குரலுக்கு நாம் செய்யும் மரியாதை அதுவே.