உங்களுக்குத் தெரியுமா? வண்டு வெளியே இல்லை, அரிசிக்குள்ளே!

திமிரியில் ஒரு சிப்பம் ஆரணி அரிசி வாங்குகிறீர்கள். டிரம்மில் கொட்டி இறுக்கி மூடுகிறீர்கள். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் வண்டு! மூடி வழியாக நுழையவில்லை. பெரும்பாலும் அரிசிக்குள்ளேயே முட்டையாக வந்து இறங்கியிருக்கும்!

அரிசியில் வரும் இந்தக் கூன்வண்டுக்கு மூக்கு நுனியில்தான் வாய்! அதைக்கொண்டு அரிசியைக் குடையும். குழிக்குள் ஒரே ஒரு முட்டை. மேலே பசை வைத்து அடைப்பு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் தெரியாது!

வண்டின் நீளம் 3 மில்லிமீட்டர்தான். ஒரு பெண் வண்டு இடும் முட்டையோ 300 வரை!

அந்தக் கெட்டியான ஓடு இருக்கிறதே, அது அரை இரவல்! உடம்புக்குள் வாழும் பாக்டீரியாதான் அதற்கான சரக்கைத் தருகிறது. ஓடு இறுகியதும் வண்டு அந்த பாக்டீரியாவையே தீர்த்துக்கட்டிவிடும். நன்றி கெட்ட ஜென்மம்!

முறத்தில் தட்டிப் பாருங்கள். காலை மடக்கிச் செத்ததுபோல் கிடக்கும். நீங்கள் அசந்ததும் நடையைக் கட்டும்!

வெயிலில் காயவைத்தால்? பெரிய வண்டு நிழல் தேடி ஓடிவிடும். உள்ளே இருக்கும் புழு அங்கேயே இருக்கும்! ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் 4 நாள் வையுங்கள். முட்டை, புழு, வண்டு எல்லாம் காலி! ரவை பாக்கெட்டுக்குச் சரி. 25 கிலோ சிப்பத்துக்கு ஃப்ரீசருக்கு எங்கே போவது?

அதற்குத்தான் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒரு பொறி கண்டுபிடித்திருக்கிறது. மருந்தில்லை, மின்சாரமில்லை. 2 மில்லிமீட்டர் துளைகள் போட்ட ஒரு குழாய், அவ்வளவுதான்! அரிசிக்குள் செருகி வையுங்கள். காற்றைத் தேடி அலையும் வண்டு தானாகவே துளைக்குள் நுழைந்து அடியில் விழும். ஏறி வர வழியே இல்லை!

பாட்டி துணியில் முடிந்து போட்ட வசம்பில் பீட்டா-அசரோன் இருக்கிறது. அது பூச்சியை மலடாக்கும்!

ஜப்பானில் 10,000 வருஷத்துக்கு முந்தைய பானை ஓட்டில் கூன்வண்டின் அச்சு கிடைத்திருக்கிறது. நெல்லே அங்கே போய்ச் சேராத காலம் அது!

இனி தோட்டம். குலை வெட்டிய வாழைமரத்தை நெடுக்காகப் பிளந்து, வெட்டுப்பக்கம் மண்ணில் படும்படி வாழையடியில் கவிழ்த்துப் போடுங்கள். சில நாளில் புரட்டினால் வாழையின் கிழங்குக் கூன்வண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். பொறுக்கி எடுத்து நசுக்க வேண்டியதுதான்!

தென்னையில் காதை வையுங்கள். நறநறவென்று சத்தம் கேட்கிறதா? சிவப்புக் கூன்வண்டின் புழு உள்ளே விருந்து சாப்பிடுகிறது! பச்சை மட்டையை ஒட்ட வெட்டினால் அந்த வாடைக்கே வண்டு வரும். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் மரத்திலிருந்து 120 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். இந்த ஆசாமி 1980களில் வளைகுடாப் பேரீச்சைக்குப் போய், 1990களில் ஸ்பெயினையே பிடித்துவிட்டான்!

ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் மண்டிகளுக்கு எதிரியே வேறு. பச்சைத் தோலை அரிக்கும் தோல்வண்டு. அதற்குக் கூன் கிடையாது. ஆனால் அருங்காட்சியகங்களில் அதையே ஆசையாக வளர்க்கிறார்கள்! எலும்பில் ஒட்டிய சதையை ஒரு துணுக்கு விடாமல் தின்று, எலும்புக்கூட்டைப் பளிச்சென்று ஆக்கித் தரும். சம்பளம் ரூபாய் 0!