தண்டவாளத்துக்கு இப்பால் – 7 : சங்கத்தின் பீரோ

1931-ஆம் வருஷம் மே மாதத்தில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடத் தொடங்கிய மின்சார ரயில், வழியிலிருந்த ஏரிக்கரைக் கிராமங்களையெல்லாம் எவ்வாறு பட்டணத்து உத்தியோகஸ்தர்களின் வாசஸ்தலங்களாக மாற்றிவிட்டது என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். ரயில் மனிதர்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விட்டது; இறங்கியவர்களுக்குச் சாலையும் தெருவிளக்கும் குடிநீரும் சாக்கடையும் யார் கொடுப்பது என்ற கேள்வி மட்டும் ரயிலடியிலேயே நின்றுகொண்டிருந்தது. அந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கும் பொருட்டு ஜனங்கள் தங்களுக்குள் ஏற்படுத்திக்கொண்ட ஸ்தாபனந்தான், இன்று ‘குடியிருப்போர் நலச் சங்கம்’ என்று தகரப் பலகையில் பெயரெழுதிக்கொண்டு ஒவ்வொரு நகரின் முனையிலும் நிற்கிறது. என் பால்யத்தில் அதற்கு ‘க்ஷேம அபிவிருத்திச் சங்கம்’ என்று பெயர். க்ஷேமம் நலமாயிற்று, காரியதரிசி செயலாளரானார், பொக்கிஷதார் பொருளாளரானார். சுண்டல் வந்து சேரும்வரை கோரம் சேராது என்ற நியதி மட்டும் மாறவில்லை.

சட்டத்தின் கண்ணுக்குச் சங்கம் மிகவும் அற்பமான பிராணி. 1975-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி, ஏழு பேர் கூடித் துணைவிதிகளை எழுதி மாவட்டப் பதிவாளரிடம் கொடுத்தால் ஒரு சங்கம் ஜனனமாகிவிடும். அப்புறம் வருஷந்தோறும் பொதுக்குழுவைக் கூட்டிக் கணக்கைக் காட்டிப் பிரதியைப் பதிவாளருக்கு அனுப்பிவைக்க வேண்டும், அவ்வளவே. வரி விதிக்க அதற்கு அதிகாரமில்லை. சாலை போட உரிமையில்லை. குப்பையைத் தெருவில் எறிகிறவரைக் கண்டிக்கலாமேயொழிய அபராதம் கேட்க முடியாது. இவ்வளவு பலவீனமான ஒரு ஜீவன் எதைக் கொண்டு காரியங்களைச் சாதிக்கிறது என்று எனக்கு வெகுகாலம் விளங்காமலே இருந்தது. எங்கள் நகரின் செயலாளர் வீட்டுக் கூடத்தில், பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் நிற்கும் பச்சை நிற இரும்பு பீரோவை ஒருநாள் திறந்து பார்த்த பிறகுதான் விளங்கிற்று.

அவர் தணிக்கைத் துறையில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். பீரோவின் மேல்தட்டில் வருஷவாரியாக மனுக்களின் பிரதிகள், ஒவ்வொன்றும் இடது மூலையில் துளையிடப்பட்டு நாடாவால் கட்டப்பட்டவை. நடுத்தட்டில் சந்தா நோட்டுகளும் ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகளும். கீழ்த்தட்டில், உருண்டைக் குழாயில் சுருட்டிவைக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடமும், நாலைந்து ஊதுகுழல்களும் ஒரு டார்ச் விளக்கும். மனுப் பிரதிகளில் ஒவ்வொன்றிலும் அலுவலகத்தின் வட்ட முத்திரையும் தேதியும் இருந்ததைக் கண்டு, “இதற்கு இவ்வளவு சிரத்தையா?” என்று கேட்டேன். “மனுவைக் கொடுத்துட்டு வந்துட்டா அது வெறும் கடுதாசி சார்; சீல் வாங்கிட்டு வந்தாத்தான் அது மனு” என்றார் அவர். அந்த வாக்கியத்தில் நகராட்சி நிர்வாகத்தைப் பற்றி நான் படித்த புத்தகங்கள் சொல்லாத ஒரு விஷயம் இருந்தது.

விஷயம் இதுதான். நம்முடைய புறநகரங்களில் நிலையாக இருப்பது எதுவுமில்லை. ஊராட்சி பேரூராட்சியாகும், பேரூராட்சி நகராட்சியாகும், நகராட்சி ஒருநாள் மாநகராட்சியின் வயிற்றுக்குள் போய்விடும். 2011-இல் நாற்பத்திரண்டு உள்ளாட்சிகளை இணைத்துக்கொண்டு சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராகப் பெருத்தது; பத்து வருஷம் கழித்து, 2021-இல், ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. இடையில், 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த மன்றங்களுக்கு 2022 பிப்ரவரி 19-ஆம் தேதிதான் தேர்தல் நடந்தது என்பதால், ஐந்து வருஷத்துக்கும் மேலாக எந்தத் தெருவுக்கும் ‘இவர் எங்கள் கவுன்சிலர்’ என்று காட்டுவதற்கு ஒரு மனிதர் இல்லை. பொறியாளர் மாற்றலாகிப் போவார், ஆணையர் மாறுவார், வார்டு எண் மாறும், கதவு எண்ணுக்குப் பழசு புதுசு என்று இரண்டு அவதாரம் உண்டாகும். இத்தனை பிரவாகத்துக்கும் நடுவில், மூன்றாவது குறுக்குத் தெருவின் மழைநீர்க் கால்வாய் எந்த வருஷத்தில் எந்த மட்டத்தில் போடப்பட்டது, அதற்கு முன்பு தண்ணீர் எந்தப் பக்கமாக ஓடிற்று என்பதை ஞாபகம் வைத்திருப்பது அந்தப் பச்சை பீரோ ஒன்றுதான். சங்கத்தின் சக்தி அதன் ஞாபகத்தில் இருக்கிறது.

இதற்குப் பிரத்தியட்ச நிரூபணம் ஒன்று சொல்கிறேன். மனைப்பிரிவு குறிப்பிட்ட அளவுக்கு மேற்படுமானால், நூற்றுக்குப் பத்துப் பங்கு நிலத்தைப் பூங்கா முதலிய பொது உபயோகத்துக்கென ஒதுக்கி உள்ளாட்சியின் பேரில் தானப் பத்திரம் எழுதிவைக்க வேண்டும் என்பது விதி. எங்கள் நகரிலும் அப்படியொரு நிலம் உண்டு. பூங்கா வராமல் வேலிகாத்தான் வந்து வெகுகாலம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லாரியில் செங்கல் வந்து இறங்கியது. வந்தவரிடம் கிரயப் பத்திரம் இருந்தது. வில்லங்கச் சான்றிதழ் இருந்தது. குரலும் பெரிதாக இருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் கூடிச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கையில், செயலாளர் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிதானமாக வந்து, அந்த உருண்டைக் குழாயைத் திறந்து, அம்மோனியா வாடை இன்னமும் முற்றிலும் போகாத அந்த நீலப் பிரதியைச் செங்கல் அடுக்கின் மேல் விரித்து, நாலு மூலைக்கும் நாலு செங்கல்லை வைத்தார். அதன்மேல் தானப் பத்திரத்தின் சான்றிட்ட நகலை வைத்தார். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வந்தவர் பத்திரத்தின் வருஷத்தைப் படித்தார், தம்முடைய பத்திரத்தின் வருஷத்தைப் படித்தார், யாருக்கோ டெலிபோன் செய்தார். சாயங்காலம் அதே லாரி வந்து செங்கல்லை ஏற்றிக்கொண்டு போயிற்று. நாலு செங்கல்லை மறந்துவிட்டுப் போனார்கள். அவை இன்று பூங்கா வாசலில் செருப்பு விடுமிடத்தில் இருக்கின்றன.

2015 டிசம்பர் முதல் தேதி மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மறுநாள் காலைவரையிலான இருபத்திநாலு மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர். முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று நீருக்குள் போய்விட்டன. எங்கள் பக்கத்தில் ஏரியின் கலங்கல் தண்ணீர் இடுப்பளவு நின்றது. மின்சாரமில்லை, கைபேசிகள் மௌனமாகிவிட்டன. மீனவர்கள் படகோடு வந்து நின்று, “யாரை மொதல்ல ஏத்தணும்?” என்று கேட்டபோது, பதில் சொல்லத் தெரிந்தது சந்தா நோட்டுக்குத்தான். வசூலுக்குப் போகும் பையனின் சௌகரியத்துக்காகச் செயலாளர் அதில் ஒவ்வொரு கதவு எண்ணுக்கு எதிரிலும் பென்சிலால் சிறு குறிப்புகள் எழுதிவைத்திருந்தார். ‘தனி.’ ‘மகன் டாலஸ்.’ ‘கீழ்த்தளம், படுக்கை.’ ‘காது கேளாது, மணி அடிக்காதே, ஜன்னலைத் தட்டு.’ மாதம் ஐம்பது ரூபாய் வாங்குவதற்காக எழுதிய அந்தக் குறிப்புகளை டார்ச் வெளிச்சத்தில் படித்துப் படித்துத்தான் அன்றிரவு ஒன்பது முதியவர்களைப் படகில் ஏற்றினோம். ஜன்னலைத் தட்டியவர்களில் நானும் ஒருவன்.

இவ்வளவு சொன்ன பிறகு சங்கத்தின் குறையையும் சொல்லாவிட்டால், நான் அதன் ஆண்டறிக்கையை எழுதுகிறேன் என்று வாசகர்கள் நினைப்பார்கள். ‘குடியிருப்போர்’ என்ற சொல்லுக்கு அகராதியில் என்ன அர்த்தமிருந்தாலும், பல சங்கங்களின் துணைவிதிகளில் அதற்கு ‘வீட்டுச் சொந்தக்காரர்’ என்றே அர்த்தம். வாடகைக்கு வந்து பதினைந்து வருஷம் அதே மாடியில் இருந்து, அங்கேயே பிள்ளைகளைப் படிக்கவைத்து, சந்தாவும் தவறாமல் கொடுக்கிற குடும்பத்துக்கு ஓட்டு கிடையாது. வீட்டைக் கட்டிவைத்துவிட்டு அதைத் திரும்பிப் பாராமல் வெளிநாட்டில் இருக்கிறவருக்கு உண்டு. பொதுத் தெருவுக்கு இரும்புக் கதவு போட்டு இரவு பத்து மணிக்குப் பூட்டுகிற சங்கங்களையும், இஸ்திரி வண்டிக்காரரும் கீரைக்காரம்மாவும் எந்த மரத்தடியில் நிற்கலாம் என்று தீர்மானம் போடுகிற சங்கங்களையும் நான் பார்த்திருக்கிறேன். தெரு அரசாங்கத்துக்குச் சொந்தம். அதில் நிற்கிற உரிமை கீரைக்கும் உண்டு. இந்தக் குறைக்கு மாற்றாகத்தானோ என்னவோ, வார்டுக்குள் பகுதி சபைகளைக் கூட்டுவதென்று 2022 நவம்பர் முதல் தேதியிலிருந்து அரசு ஆரம்பித்திருக்கிறது. அதில் உட்காருவதற்கு வீட்டுப் பத்திரம் வேண்டாம், வாக்காளர் பட்டியலில் பெயரிருந்தால் போதும். சங்கமும் சபையும் ஒன்றையொன்று எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகின்றன என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும். எங்கள் பகுதியில் இதுவரை ஒன்று மற்றதைச் சம்பந்தி வீட்டாரைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறது.

இதற்கிடையில் செயலாளருக்கு எழுபத்தெட்டு வயதாகிவிட்டது. பெங்களூரில் இருக்கும் மகள் வந்து, “இனிமேல் இங்கே தனியா இருக்க வேண்டாம்ப்பா” என்று சொல்லிவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் கூடிய கூட்டத்தில், கொசு மருந்தையும் தெருநாய்களையும் அடுத்து மூன்றாவது அஜெண்டாவாக வந்தது, பீரோவை இனி யார் வீட்டில் வைப்பது என்பது. புதுச் செயலாளராக வர இரண்டு பேர் தயாராக இருந்தார்கள். பீரோவை ஏற்க ஒருவரும் தயாராக இல்லை. ஒருவர் வீட்டில் இடமில்லை, இன்னொருவர் வீட்டில் வாஸ்து இடம் கொடுக்கவில்லை, மூன்றாமவர் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பென்டிரைவில் போட்டுவிடலாம் என்று யோசனை சொன்னார். “முத்திரை இருக்கிற மூலத்தை என்ன செய்வீர்கள்?” என்று பழையவர் கேட்டார். பதில் வரவில்லை. கடைசியில், பின்வரிசையில் சுண்டல் தொன்னையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி, நாலாவது குறுக்குத் தெரு மாடியில் இருப்பவர், “எங்க வீட்டு வராந்தாவுல வைக்கலாங்க, நான் பார்த்துக்கறேன்” என்றார். பள்ளிக்கூடத்து நூலகராக இருப்பவர், வாடகைக் குடித்தனம்.

சங்கத்தின் ஆவணங்கள் நிர்வாகியின் பொறுப்பில்தான் இருக்க வேண்டும் என்கிறது எங்கள் துணைவிதி. வாடகைதாரர் நிர்வாகியாக முடியாது என்கிறது அதற்கடுத்த விதி. அரைமணி நேரம் வாதம் நடந்தது. துணைவிதியைத் திருத்துவதற்காக முறைப்படி நோட்டீஸ் கொடுத்துப் பொதுக்குழுவைக் கூட்டுவது என்று தீர்மானமாயிற்று. நோட்டீஸைப் பழைய செயலாளரே கைப்பட எழுதிக்கொண்டிருக்கிறார். மீன்பாடி வண்டிக்காரரிடம் நான் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டேன். பீரோ கனம் அதிகம், மாடிப்படி குறுகல், இரண்டு ஆள் கூட வேண்டும் என்கிறார்.