பஞ்சுப் பொதியும் பன்னிரண்டு ரூபாயும்

2025 ஜனவரி 2, வியாழக்கிழமை. மகாராஷ்டிர மாநிலம் வார்தா மாவட்டத்திலுள்ள ஹிங்கன்காட் நகரின் புறத்தே பனி இன்னும் விலகவில்லை. அதிகாலை நாலரை மணிக்குப் பத்துச் சக்கர லாரி ஒன்றின் உரிமையாளர், கையில் இரும்புக் கம்பியுடன் வண்டியைச் சுற்றி வருகிறார். ஒவ்வொரு டயரையும் ஒரு தட்டுத் தட்டி, எழும் ஓசையைக் கொண்டே காற்றின் அளவை அறிந்துகொள்கிறார். பின்னர் தார்ப்பாயின் கயிறுகளை இழுத்துப் பார்க்கிறார். எலுமிச்சம்பழம் ஒன்றை முன்சக்கரத்தின் கீழ் வைக்கிறார். வண்டி புறப்படுகிறது.

அவர் நமது கிளையின் வாடிக்கையாளர். சங்ககிரி வட்டாரத்தைச் சேர்ந்தவர். சொந்த லாரியைத் தாமே ஓட்டுபவர். கடன் கொடுத்த நாம், அக்கடன் எவ்வாறு ஈட்டப்பட்டுத் திரும்பி வருகிறது என்பதை ஒருமுறையேனும் நேரில் காண வேண்டுமென்று அவர் பலமுறை கேட்டுக்கொண்டதன் பேரில், அன்று அவருக்கு அருகில் அமர்ந்து பயணித்தோம்.

வண்டியில் இருந்தவை 100 பேல் பஞ்சு. ஒரு பேல் 170 கிலோ. ஆக 17 டன். இவ்வகை லாரி, சரக்கும் தன் எடையும் சேர்ந்து 28.5 டன் வரை செல்லலாம் என்பது 2018இல் உயர்த்தப்பட்ட வரம்பு. அதனை மீறினால் 20,000 ரூபாய் அபராதம். மிகையாகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். ஆகவே எடைமேடைச் சீட்டை அவர் ஆவணப் பையின் முதல் உறையிலேயே வைத்திருந்தார். பஞ்சு சேர வேண்டிய இடம் கோயம்புத்தூர் நூற்பாலை ஒன்று. தூரம் ஏறத்தாழ 1,350 கிலோமீட்டர். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று கணக்கிட்டால், டீசல் மட்டுமே ஏறத்தாழ 340 லிட்டர் வேண்டும்.

எல்லையைக் கடந்து

பண்டர்கவடாவைத் தாண்டி, பெங்கங்கை ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் தெலங்கானா. முன்னாளில் இத்தகைய எல்லைகளில் வணிகவரிச் சோதனைச் சாவடிகளின் முன் லாரிகள் வரிசையாக நிற்கும். 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின் அவை நீக்கப்பட்டன. 2018 ஏப்ரல் முதல் மாநிலங்களுக்கிடையே செல்லும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு மின்வழிச் சீட்டு கட்டாயமாயிற்று. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது அதன் செல்லுபடிக் கணக்கு. இப்பயணத்துக்கு 7 நாள். சுங்கச்சாவடியில் பாஸ்டேக் தானே பணத்தைக் கழித்துக்கொள்கிறது.

“நிற்கிற நேரம் குறைந்தது நல்லதுதான் சார். ஆனால் அந்த வரிசையில்தான் நாங்கள் தூங்குவோம்” என்றார் அவர்.

நாம் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

ஆதிலாபாத்தைக் கடந்ததும் சாலையோர மரநிழலில் வண்டி நின்றது. சிறிய அடுப்பு, குக்கர், அஞ்சறைப்பெட்டி ஆகியவை பக்கவாட்டுப் பெட்டியிலிருந்து இறங்கின. அரை மணியில் சோறும் தக்காளிக் குழம்பும் ஆயின. டாபாவில் உண்டால் செலவு கூடும். வயிறும் ஒத்துக்கொள்ளாது என்பது அவர் கருத்து. முன்பு இவ்வேலைக்குக் கிளீனர் ஒருவர் இருந்தார். வாடகை கட்டுப்படியாகாததால் இப்போது இல்லை. தேசிய அனுமதிச் சீட்டு பெற்ற லாரியில் இரு ஓட்டுநர் இருக்க வேண்டும் என்ற விதியும் 2018இல் தளர்த்தப்பட்டுவிட்டது. பேச்சுத் துணைக்குக் கைப்பேசி மட்டுமே.

நிர்மல் மலைப்பாதையில் இறங்கி, சோன் அருகே கோதாவரியைக் கடந்து, காமாரெட்டியில் தேநீர் அருந்தி, மாலை ஆறரை மணிக்கு ஐதராபாத்தின் வடக்கே மேட்சலை அடைந்தோம். ஏறத்தாழ 10 மணி நேரம் அவர் திசைமாற்றியைப் பிடித்திருந்தார்.

வழியில் வந்த அழைப்பு

அங்கேதான் நூற்பாலையிலிருந்து அழைப்பு வந்தது. சனிக்கிழமை மாலை 5 மணிக்குள் வந்தால் சரக்கு இறக்கப்படும். தவறினால் ஞாயிறு விடுமுறை, திங்கட்கிழமைதான். சரக்கு இறங்கினால்தான் பாக்கி வாடகை கைக்கு வரும். சனிக்கிழமை 4ஆம் தேதி. திங்கட்கிழமை 6ஆம் தேதி. நமது வங்கிக்கு அவர் செலுத்த வேண்டிய தவணை நாள் 5.

இரவு முழுவதும் ஓட்டினால் சனிக்கிழமை நண்பகலே போய்ச் சேரலாம். உறங்கிச் சென்றால் சனிக்கிழமை இரவாகும், தவணை தவறும், தாமதக் கட்டணம் சேரும். கணக்கை அவர் விரல்விட்டு எண்ணியபோது, தேதியை நிர்ணயித்த நாம் அவருக்கு அருகிலேயே அமர்ந்திருந்தோம்.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961இல் இயற்றப்பட்டது. நாளொன்றுக்கு 8 மணி நேரம், நெடுந்தூரப் பயணமாயின் 10 மணி நேரம், 5 மணி நேரத்துக்கு ஒருமுறை அரைமணி ஓய்வு என்று அது வரையறுத்திருந்தது. அச்சட்டம் ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களுக்கு உரியதாக இருந்தது. சொந்த லாரியைத் தாமே ஓட்டுபவரின் உறக்கத்தைக் காக்க வேண்டியவர் அவர் ஒருவரே.

2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக அரசின் அறிக்கை கூறுகிறது. அவருக்கு அந்த எண் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒரே ஒருவரை. அவரை நாமும் அறிவோம்.

அன்று நமது மேசைக்கு முன்

2019இல் அவருடைய நண்பர் ஒருவர், அவரும் லாரி ஓட்டுநரே, விடியற்காலைத் தூக்கக் கலக்கத்தில் சாலையோரம் நின்றிருந்த வண்டியின் பின்புறம் மோதி இறந்தார். கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மனைவி நமது கிளைக்கு வந்தார். துணைக்கு வந்தவர் இந்த ஓட்டுநரே. இறந்தவர் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் சேர்ந்திருந்தார். அன்று அதன் ஆண்டுச் சந்தா 12 ரூபாய்; விபத்து மரணத்துக்கு 2 லட்ச ரூபாய். காப்பீட்டு ஆண்டு ஜூன் 1இல் தொடங்குவதால், சந்தா மே மாத இறுதியில் கணக்கிலிருந்து தானே கழிக்கப்படும். அந்த மே மாதத்தில் டயர் வாங்குவதற்காக அவர் கணக்கிலிருந்த பணம் முழுவதையும் எடுத்திருந்தார். 12 ரூபாய் இல்லாததால் காப்பீடு காலாவதியாயிற்று.

விதியை நாம் விளக்கினோம். அந்த அம்மையார் மறுபேச்சின்றி எழுந்து சென்றார். விதிப்படி நாம் சொன்னதில் பிழையில்லை. ஆயினும் ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்திருக்கக்கூடிய செய்தி அது.

மேட்சலில் அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு ஆலைக்கு அழைத்து, “திங்கட்கிழமை காலையில் இறக்கிக்கொள்ளுங்கள் சார்” என்றார். நம்மை நோக்கி, “தாமதக் கட்டணம் எவ்வளவோ கட்டிவிடுகிறேன்” என்று கூறி, பெட்ரோல் நிலையத்தின் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு, இருக்கைக்குப் பின்னுள்ள பலகையில் படுத்தார். சில நிமிடங்களில் குறட்டை கேட்டது.

நாம் செய்ய வேண்டியவை

கிளைக்குத் திரும்பியதும் அவரது தவணை நாளை 15ஆம் தேதிக்கு மாற்றித் தந்தோம். ஒரு பக்க விண்ணப்பமே அதற்குத் தேவைப்பட்டது. முன்பே அவர் கேட்டிருக்கலாம். முன்பே நாமும் கேட்டிருக்கலாம். லாரிக் கடன் பெறும் அன்பர்கள், வாடகைப் பாக்கி கைக்கு வரும் காலத்தை அதிகாரியிடம் கூறி, அதற்கேற்பத் தவணை நாளைக் கேட்டுப் பெறுக.

சுரக்ஷா பீமா சந்தா இப்போது ஆண்டுக்கு 20 ரூபாய். 18 முதல் 70 வயது வரையுள்ளோர் சேரலாம். எக்காரணத்தாலும் நேரும் மரணத்துக்கு 2 லட்ச ரூபாய் வழங்கும் ஜீவன் ஜோதி பீமா யோஜனாவின் சந்தா 436 ரூபாய். 18 முதல் 50 வயது வரை சேரலாம். இரண்டுக்குமாக 456 ரூபாய் மே மாத இறுதியில் கணக்கில் இருத்தல் வேண்டும். வாரிசுதாரர் நியமனம் பதிவாகியுள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்க. தேசிய நெடுஞ்சாலையில் இடர் நேர்ந்தால் அழைக்க வேண்டிய எண் 1033.

சரக்கைப் பெறும் வணிகப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வந்த லாரியை வந்த நாளிலேயே இறக்கி அனுப்புங்கள். உங்கள் வாயிலில் அது நிற்கும் ஒவ்வொரு நாளையும், அடுத்த பயணத்தின் இரவு உறக்கத்திலிருந்தே அந்த ஓட்டுநர் ஈடுசெய்கிறார்.

கோயம்புத்தூர் செல்லும் வழி சங்ககிரியைத் தொட்டே செல்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை, 100 பேல் பஞ்சும் அவர் வீட்டுத் தெருமுனையில் நின்றன. மூன்று வாரங்களுக்குப் பின் அவர் தம் பிள்ளைகளுடன் அமர்ந்து உண்டார் என்று பின்னர் அறிந்தோம். திங்கட்கிழமை அதிகாலை வழக்கம்போல் இரும்புக் கம்பியால் டயர்களைத் தட்டிப் பார்த்துவிட்டுப் புறப்பட்டிருக்கிறார்.