ஈசிஆர் போரடிச்சிடுச்சா? ஜவ்வாது மலைக்கு ஒரு ரவுண்டு!

சனிக்கிழமை வந்தாலே சென்னைவாசியின் வண்டி தானாக ஈசிஆர் பக்கம் திரும்பிவிடும். அங்கேயும் டிராஃபிக்தான், ரூம் வாடகையும் எகிறும். அமைதிதான் வேணும்னா, கடலை விட்டுவிட்டு மேற்கே போங்க.

ஜவ்வாது மலையின் காவலூரில் இரவு வானம் அவ்வளவு இருட்டு. 2.3 மீட்டர் தொலைநோக்கியுடன் வைணு பாப்பு வானாய்வகம் அங்கே இருப்பதும் அதனால்தான். அமாவாசையை ஒட்டிப் போனால், தொலைநோக்கி இல்லாமலே நட்சத்திரங்களை அள்ளலாம். பகலில் ஜமுனாமரத்தூர் பக்கம் பீமன் அருவி. மழைக்காலம் முடிந்த கையோடு போனால் தண்ணீர் இருக்கும்.

செலவு? வாணியம்பாடி வரை ரயில், பிறகு ஆலங்காயம் வழியாக பஸ். மலையில் பஸ்ஸும் குறைவு, ரூமும் குறைவு. தங்க இடம் உறுதியான பிறகே டிக்கெட் போடுங்க. எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது. மேனேஜரிடம் முன்பே சொல்லிடுங்க.