பாட்டினால் வளரும் பெருமை

ஒரு பல்கலைக் கழகத்தில் பயின்று வெளியேறியோர், அதன் பெயரைச் சொல்லும்போது நெஞ்சு நிமிர்வது இயல்பு. அப்பெருமிதத்திற்குக் காரணம் யாது என வினவினால், சிலர் புகழ் வாய்ந்த பேராசிரியர்களைச் சுட்டுவர். சிலர் உயர் பதவி வகிக்கும் உடன் மாணாக்கரைச் சுட்டுவர். வங்காளத்துச் சாந்திநிகேதனில் பயின்றோரோ பெரும்பாலும் பாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவர். இதன் காரணத்தை ஆராய்வது, பிற மாநிலங்களில் வாழ்ந்து, அங்குள்ள கல்லூரிகளில் மக்களைச் சேர்த்திருக்கும் தமிழர்களாகிய நமக்குப் பயன் தருவதாகும்.

கவி ரவீந்திரநாத் தாகூர் 1901-ஆம் ஆண்டில் போல்பூருக்கு அருகே ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார். அதிலிருந்து 1921-இல் விசுவபாரதி தோன்றியது. 1951-இல் அது மத்தியப் பல்கலைக் கழகமாயிற்று. அங்கே மர நிழலில் வகுப்புகள் நடப்பதைப் பலரும் அறிவர். ஆனால், இசை அங்குள்ள வாழ்வோடு கலந்திருக்கும் விதம் அவ்வளவாக அறியப்படவில்லை.

கல்லூரிக் கச்சேரி என்றால், வித்துவான் மேடையில் அமர்ந்து பாட, மாணாக்கர் கீழே அமர்ந்து கேட்பதே பொதுவான வழக்கம். சாந்திநிகேதனிலோ பருவந்தோறும் மாணாக்கரே பாடுகின்றனர். மழைக்காலத்தில் வர்ஷாமங்கலம், இளவேனிலில் வசந்தோற்சவம், குளிர்காலத்தில் பவுஷ உற்சவம் என விழாக்கள் அமைந்துள்ளன. வங்காளியரின் பவுஷம் நம் மார்கழியே. விழா நாட்களில் மாணாக்கர் விடியுமுன் எழுந்து, பாடிக்கொண்டே வலம் வருவர். இதற்கு வைதாலிகம் என்று பெயர். அரசரைத் துயிலெழுப்பப் பாடிய வைதாளிகரை நம் இலக்கியமும் அறியும். மார்கழி பஜனை கேட்டு வளர்ந்தோருக்கு இக்காட்சி புதிதாகத் தோன்றாது. இசைத் துறையில் சேராத மாணாக்கரும் இதில் கலந்து கொள்கின்றனர். கேட்ட பாட்டு மறந்து போகலாம். பலரோடு சேர்ந்து பாடிய பாட்டோ முதுமையிலும் நாவில் நிற்கும். பழைய மாணாக்கர் கூடுமிடத்தில் தாகூர் இயற்றிய ஆசிரமப் பாடல் எழுவதன் காரணம் இதுதான்.

இனி, தமிழர்கள் சிறப்பாகக் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. சென்னையிலிருந்து அங்குச் சென்று பயின்ற சாவித்திரி என்னும் மாணவி, தாம் கற்றிருந்த கர்நாடக கீர்த்தனங்களைத் தாகூருக்குப் பாடிக் காட்டினார். மதுரை மீனாட்சியம்மை மீது முத்துசுவாமி தீட்சிதர் இயற்றிய 'மீனாக்ஷி மே முதம் தேஹி' அவற்றுள் ஒன்று. அம்மெட்டில் கவி மனத்தைப் பறிகொடுத்தார்; வசந்தத்தைப் போற்றும் 'பாசந்தீ, ஹே புவனமோகினி' என்ற வங்காளப் பாடல் அதனைத் தழுவிப் பிறந்தது. சொற்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டு செல்லும் பணியில் ஈடுபட்டுள்ள நமக்கு அதன் அருமை தெரியும். ஒரு மாணவியின் குரலோ, தெற்கத்திய ராகத்தை அப்படியே வங்காளத்தில் குடியேற்றிவிட்டது.

சாவித்திரி அங்கே கற்றுக் கொண்டதோடு நில்லாமல், தம் வீட்டிலிருந்து கொண்டு சென்றதையும் அந்நிலையத்திற்கு வழங்கினார். பல்கலைக் கழகம் தருவதைப் பெற்றவர் பட்டதாரியாகிறார். தம்மிடமிருந்ததையும் அதற்குத் தந்தவரே உரிமையோடு 'எங்கள் கழகம்' என்கிறார்.

சாந்திநிகேதன் 2023-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. பழைய மாணாக்கர் மகிழ வேண்டியதே. எனினும், 2020-இல் பவுஷ மேளா நடைபெறாது நின்றதையும் நாம் மறத்தலாகாது. கட்டிடத்தைப் பட்டியல் காக்கலாம். பாட்டைக் காப்பது பாடுவோர் மட்டுமே. ஓராண்டு முதுமாணாக்கர் பாட, இளமாணாக்கர் உடன் பாடாவிடில், அடுத்த ஆண்டு அதனைக் கற்பிப்போர் குறைவர்.

தில்லியிலோ, காசியிலோ, புனாவிலோ பயிலும் தமிழ் இளைஞர் பலர், 'இது நம் ஊர்ப் பாட்டன்று' என்று விழா நாளில் ஒதுங்கி நிற்கக்கூடும். பெற்றோர் அவர்களிடம் இரண்டு சொல்லியனுப்பலாம்: அவ்வூர்ப் பாட்டு ஒன்றைக் கற்றுக்கொள், நம் பாட்டு ஒன்றை அங்கே பாடு. ஊர் விட்டு ஊர் வந்தோர்க்கு, வந்த இடம் சொந்தமாவது இவ்வாறுதான்.